கிளையன்ட் கேட்பது ஒன்று, தளம் விடுவது ஒன்று: சென்னையிலிருந்து ஃப்ரீலான்ஸ் தொடங்குபவர்களுக்கு

ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "முதல் ஆர்டர் எப்படிக் கிடைக்கும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் நான் பார்த்தவரை ஆட்கள் கழன்று போவது அந்த இடத்தில் இல்லை. மூன்றாவதோ நான்காவதோ ஆர்டரில் கிளையன்ட்டோடு மனக்கசப்பு வரும், ஒற்றை நட்சத்திரம் விழும், சில சமயம் கணக்கே முடங்கிப் போகும். அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கும் திறமைக்கும் அவ்வளவாகத் தொடர்பில்லை. எது வேலையில் சேரும், எது சேராது என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க மாட்டார்கள்; அல்லது எழுதியதை, கிளையன்ட்டையும் நம்மையும் இணைக்கும் ஆன்லைன் தளத்துக்கு வெளியே எழுதியிருப்பார்கள். தகராறு என்று வந்தால் தளம் பார்ப்பது தன் மெசேஜ் பெட்டியில் இருப்பதை மட்டும்தான். போனில் பேசியது, வாட்ஸ்அப்பில் ஒத்துக்கொண்டது எதுவும் அதன் கணக்கில் நடக்கவே இல்லை.

அப்வொர்க், ஃபைவர் என்ற இரண்டு ஃப்ரீலான்ஸ் தளங்களை வைத்தே இங்கே பேசுகிறேன். கட்டணமும் விதியும் அவ்வப்போது மாறுபவை. கணக்குத் திறக்கும் நாளில் அந்தத் தளங்களின் உதவிப் பக்கத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

உள்ளூர்ப் பழக்கம் ஒன்று

தளத்துக்கு வருமுன் நம்மில் பலர் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு ஏதாவது செய்து கொடுத்துப் பழகியிருப்போம். மேற்கு மாம்பலத்தில் ஒரு மளிகைக் கடைக்கு லோகோ போட்டுக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"தம்பி, லோகோ நல்லா வந்திருக்கு. அப்படியே பை மேல அடிக்கிற மாதிரி ஒண்ணு குடுத்துருங்களேன்."

"சரிங்க அண்ணாச்சி."

"தீபாவளிக்கு ஒரு போஸ்டரும் வேணும்ப்பா. பெரிய வேலை ஒண்ணுமில்ல."

"பார்த்துக்கலாம் அண்ணாச்சி."

பணம் தீபாவளி கழித்து வரும். ஆனால் கூடவே அடுத்த தெரு ஸ்டேஷனரிக் கடைக்காரரும் வருவார், கால் கிலோ முந்திரியும் வரும். பழக்கம் இருப்பதால் கணக்கு எப்படியோ நேராகிவிடும். இதே "சரி, பார்த்துக்கலாம்" என்பதை டெக்சாஸில் இருக்கும் ஒருவருக்குத் தட்டி அனுப்பினால், அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். பையும் போஸ்டரும் அதே தொகைக்குள் வருகின்றன என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதாகவே ஆகும். மரியாதைக்காகச் சொன்ன சரி அது என்று பிறகு விளக்க முடியாது.

முதல் படி: கணக்கு

பான் அட்டையில் இருக்கும் பெயர், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர், தளத்தில் போடும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல்தான் நம் ஊரில் பெரிய தலைவலி. ஒன்றில் எழுத்தாக இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். அடையாளச் சரிபார்ப்புக்கு ஆவணம் கேட்டு, பெயர் பொருந்தாமல் கணக்கு நின்றுபோனால், அதற்குள் முடித்த வேலைக்கான பணத்தை எடுப்பதும் நின்றுபோகும். ஆகவே சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒரு கணக்குதான். ஒன்று சரியாகப் போகவில்லை என்று வேறு மின்னஞ்சலில் இன்னொன்று திறந்தால் இரண்டும் போகும். விபிஎன் போட்டு அமெரிக்காவில் இருப்பதாகக் காட்டுவதும் அப்படித்தான்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். "உங்கள் அப்வொர்க் கணக்கை எங்களுக்கு வாடகைக்குக் கொடுங்கள், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், மாதாமாதம் டாலர் வரும்" என்று டெலிகிராமிலோ லிங்க்ட்இன்னிலோ ஒருவர் வருவார். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களைத்தான் குறிவைப்பார்கள். உங்கள் பான், உங்கள் வங்கிக் கணக்கு, உங்கள் முகம்; வேலை செய்வது யார் என்று உங்களுக்கே தெரியாது. அவர் யாரையாவது ஏமாற்றினால் புகார் உங்கள் பெயரில்தான் நிற்கும். பதில் போடாமல் பிளாக் செய்வது உத்தமம்.

இரண்டாவது: ஆளைப் பார்த்து எடுங்கள்

விண்ணப்பிக்கும் அவசரத்தில் கிளையன்ட்டின் பக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். அவருடைய பணம் கட்டும் வழி சரிபார்க்கப்பட்டிருக்கிறதா, இதுவரை எவ்வளவு செலவழித்திருக்கிறார், எத்தனை பேரை எடுத்திருக்கிறார் என்பதெல்லாம் அப்வொர்க்கில் தெரியும். இவற்றைவிடப் பயனுள்ளது, முன்பு வேலை செய்தவர்களுக்கு அவர் எழுதிய விமர்சனங்கள். வரிசையாக எல்லாரையும் திட்டியிருப்பவர் உங்களை மட்டும் பாராட்டப் போவதில்லை.

அப்வொர்க்கில் விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் செலவாகும், ஒன்று 0.15 டாலர். ஒரு வேலைக்குப் பல கனெக்ட்ஸ் கேட்பார்கள் என்பதால், கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரே கடிதத்தை ஒட்டி அனுப்பினால் கைக்காசு கரையும். குறைவாக அனுப்புங்கள், படித்துவிட்டு அனுப்புங்கள்.

பதிவுக் கட்டணம், பாதுகாப்பு வைப்புத் தொகை, பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் வேலைக்காக நீங்கள் பணம் கட்டுவது என்ற பேச்சே இல்லை. டேட்டா என்ட்ரி என்று விளம்பரம் வந்தால் இதை இரட்டிப்பாக நினைவில் வையுங்கள். "சாம்பிளாக ஒன்றை இலவசமாகச் செய்து காட்டுங்கள்" என்பதும் அப்வொர்க்கில் விதிமீறல்தான். முன்பு செய்ததைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் சிறிய தொகைக்குச் சோதனை வேலை ஒன்றை ஒப்பந்தமாகவே போடச் சொல்லுங்கள். நல்ல விமர்சனம் எழுதுவார் என்பதற்காக இலவசமாக வேலை செய்யவும் அங்கே அனுமதி இல்லை. நிறையப் பேர் இதை உத்தி என்று நினைத்துச் செய்கிறார்கள்.

மூன்றாவது: வேலையின் எல்லையை எழுதுவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ஒரு கிளையன்ட் இப்படிக் கேட்கிறார்: ஐந்து பக்க வேர்ட்பிரஸ் தளம், பார்க்க நவீனமாக இருக்க வேண்டும், 150 டாலர், சின்ன வேலைதான். இதில் தெளிவாக இருப்பது 150 மட்டும். ஐந்து பக்கம் என்கிறாரே, அதில் வலைப்பதிவுப் பகுதி சேருமா? எழுத்து யார் கொடுப்பது? படங்கள் யாருடையவை, உரிமம் வாங்குவது யார்? ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைக்கும் இடம்) ஏற்கெனவே இருக்கிறதா, இல்லை அதையும் நீங்களே வாங்கி அமைக்க வேண்டுமா? தொடர்புப் படிவத்தில் நிரப்பியது எந்த மின்னஞ்சலுக்குப் போக வேண்டும்? மொபைலில் எந்த அளவுக்குச் சோதித்துத் தர வேண்டும்? ஒப்படைத்த பிறகு ஏதாவது உடைந்தால் எத்தனை நாள் வரை நீங்கள் பார்ப்பீர்கள்?

"நவீனமாக" என்பது இன்னும் மோசம். ஒருவருக்கு வெள்ளைப் பின்னணி, இன்னொருவருக்கு எல்லாம் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ரவிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாரே டெய்லர், அதையே நாமும் செய்யலாம். "உங்களுக்குப் பிடித்த இரண்டு தளங்களும் பிடிக்காத ஒன்றும் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பிடிக்காத அந்த ஒன்றுதான் நிறையச் சொல்லும்.

பதில்கள் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே செய்தியாக நீங்களே தொகுத்து அனுப்புங்கள். ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள், ஆனால் சாரம் இப்படி இருக்கட்டும்:

"நான் புரிந்துகொண்டது இது. முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், படத்தொகுப்பு, தொடர்பு ஆகிய ஐந்து பக்கங்கள். எழுத்தும் படங்களும் நீங்கள் தருவீர்கள். அவை வந்த நாளிலிருந்து ஏழு நாளில் முதல் வடிவம். அதில் இரண்டு சுற்றுத் திருத்தங்கள் இந்தத் தொகையில் அடங்கும். நிறம், எழுத்துரு, இடமாற்றம் ஆகியவை திருத்தம். புதிய பக்கம், புதிய வசதி ஆகியவை தனி வேலை. அவற்றுக்குத் தனித் தொகை சொல்வேன். ஹோஸ்டிங் உங்களுடையது. ஒப்படைத்த பின் பதினைந்து நாள் வரை பிழைகள் இருந்தால் சரிசெய்வேன். சரி என்றால் சொல்லுங்கள், தொடங்குகிறேன்."

இதில் இரண்டு வரிகள்தான் உங்களை அதிகம் காப்பாற்றும். ஒன்று, கெடு எப்போது ஓடத் தொடங்குகிறது என்பது. கிளையன்ட் படங்களைப் பத்து நாள் கழித்து அனுப்பிவிட்டு, சொன்ன தேதிக்கு வரவில்லை என்று கேட்க முடியாது. மற்றது, திருத்தம் எது, புதிய வேலை எது என்ற பிரிவு. "வரம்பில்லாத் திருத்தங்கள்" என்று ஃபைவர் பக்கத்தில் போட்டால் ஆர்டர் வரும் என்று சிலர் சொல்வார்கள். வரும், போகாது. அந்த ஆர்டர் வாரக்கணக்கில் உங்கள் தலையில் உட்கார்ந்திருக்கும்.

ஏஐ கருவிகளைப் பயன்படுத்துவீர்கள் என்றால் அதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. சில கிளையன்ட்டுகளுக்கு அது பொருட்டே இல்லை, சிலருக்கு ஒப்பந்தத்தையே முறிக்கும் விஷயம். எழுத்து, மொழிபெயர்ப்பு, ஓவியம் என்றால் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்துருவும் அப்படித்தான்: தமிழ் எழுத்துருக்களை எங்கிருந்தோ இறக்கி லோகோவில் போட்டுவிடுகிறோம், வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் உண்டா என்று பார்ப்பதில்லை.

நான்காவது: பணம் வந்து உட்கார்ந்த பிறகு தொடங்குங்கள்

நிலையான தொகைக்கான வேலையில், கிளையன்ட் முதலில் பணத்தைத் தளத்திடம் கட்டி வைக்க வேண்டும். அப்வொர்க்கில் அது மைல்கற்களாக, அதாவது வேலையின் கட்டங்களாகப் பிரியும். மைல்கல்லுக்கு நேரே பணம் கட்டப்பட்டதாகக் காட்டினால்தான் கை வைக்க வேண்டும். "நாளைக்குப் போட்டுவிடுகிறேன், நீங்கள் ஆரம்பியுங்கள்" என்றால், "பணம் கட்டியதும் அறிவிப்பு வரும், வந்த உடனே தொடங்குகிறேன்" என்று பதில் போட்டால் போதும். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

வேலையை ஒப்படைக்கும்போது வெறும் செய்தியில் கோப்பை இணைத்து அனுப்பாமல், அதற்கென்று இருக்கும் ஒப்படைப்புப் பொத்தானை அழுத்துங்கள். கடிகாரம் அதிலிருந்துதான் ஓடும். அப்வொர்க்கில் ஒப்படைத்த பின் கிளையன்ட் 14 நாள் வாய் திறக்காவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும், அதற்குமேல் 5 நாள் காத்திருப்பு. ஃபைவரில் 3 நாளில் ஆர்டர் தானாக முடிந்ததாகிவிடும். ஆனால் புதியவர்களுக்குப் பணம் கையில் வர மேலும் 14 நாள் ஆகும். வாடகை தேதியை இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மணிக்கணக்கு வேலையில் அப்வொர்க்கின் டைம் டிராக்கர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும். பிடிக்கவில்லை என்று அணைத்துவிட்டு, நேரத்தைக் கையால் எழுதினால் அந்த மணிகளுக்குத் தளத்தின் பணப் பாதுகாப்பு கிடையாது. புதிய கிளையன்ட் என்றால் டிராக்கர் ஓடட்டும். வேலை நேரத்தில் வாட்ஸ்அப் வெப்பை மட்டும் மூடி வையுங்கள், அத்தையின் குட் மார்னிங் படங்களை கிளையன்ட் பார்க்க வேண்டியதில்லை. வாரக் கணக்கு முடிவது ஞாயிறு நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி. நமக்கு அது திங்கள் காலை 5.30.

கட்டணத்தையும் விலையிலேயே பாருங்கள். ஃபைவர் 20 சதவீதம் எடுக்கும். 100 டாலர் ஆர்டர் என்றால் உங்களுக்கு 80. அப்வொர்க்கில் 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை, வேலையைப் பொறுத்து மாறும். இது போக டாலரை ரூபாயாக்கும் செலவு வேறு.

ஐந்தாவது: "அப்படியே இதையும்" வரும்போது

எவ்வளவு எழுதி வைத்தாலும் கேட்பார்கள். கேட்பது தவறில்லை, எரிச்சலும் வேண்டாம். கேட்டதை நல்ல யோசனை என்று ஏற்றுக்கொண்டு, அது முதலில் பேசியதில் இல்லை என்பதைக் காட்டி, தொகையும் நாளும் சொல்லுங்கள். "வலைப்பதிவுப் பகுதி சேர்ப்பது நல்லதுதான். ஐந்து பக்கங்களுக்கு வெளியே வருவதால் 40 டாலர், கூடுதலாக இரண்டு நாள். புதிய மைல்கல்லாகப் போட்டுவிட்டால் சேர்த்துவிடுகிறேன்." பாதிப் பேர் போட்டுவிடுவார்கள். மீதிப் பேருக்கு அது அவ்வளவு அவசியமில்லை என்று தெரிந்துவிடும்.

ஐந்து நிமிட வேலை என்றால் செய்து கொடுங்கள், தாராளமாக. ஆனால் "இது முதலில் பேசியதில் இல்லை, இந்த முறை சேர்த்துத் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

நேரம், மழை, மின்தடை

"வெள்ளிக்கிழமை மாலைக்குள்" என்று கலிஃபோர்னியாக்காரர் சொன்னால், அவருடைய மாலை ஐந்து மணி கோடையில் நமக்குச் சனிக்கிழமை காலை 5.30. அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள், அப்போது ஒரு மணி நேரம் தள்ளும். அதனால் தேதியும் மணியும் போட்டு, யாருடைய நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சென்னைக்கு உள்ள சிக்கல்கள் தனி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிதழில் முன்கூட்டியே வரும், பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குப் போகும். உங்கள் பகுதி பெயர் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். ரிச்சி தெருவில் ரௌட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் கிடைக்கும், லேப்டாப் பேட்டரியோடு சேர்ந்தால் அரை நாள் ஓட்டிவிடலாம். வடகிழக்குப் பருவமழை வேறு கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரமும் இணையமும் இல்லாமல் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்த அன்றே, நெட் இருக்கும்போதே, கையில் இருக்கும் கிளையன்ட் எல்லாருக்கும் இரண்டு வரி போட்டுவிடுங்கள். முடித்தவரை உள்ளதை ஏற்றிவிடுங்கள். ஃபைவரில் கெடு தாண்டும் முன்பே நாள் நீட்டிப்புக் கேட்க வசதி இருக்கிறது. முன்கூட்டிச் சொன்ன தாமதத்தைப் பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மூன்று நாள் காணாமல் போய்விட்டு வந்து புயல் என்று சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும் சாக்காகத்தான் தெரியும்.

வெளியே பேசலாமா, வெளியே வாங்கலாமா

ஃபைவரில் மின்னஞ்சல், போன் எண், வாட்ஸ்அப் எதையும் பரிமாறிக்கொள்ளக் கூடாது. வேலைக்கே மின்னஞ்சல் தேவை என்றால் ஆர்டர் பக்கத்தில் மட்டும். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்து எண்ணை ஒளித்து அனுப்புவதெல்லாம் வேண்டாம், அது வேண்டுமென்றே செய்தது என்பதற்குச் சாட்சியாகத்தான் நிற்கும். அப்வொர்க்கில் ஒப்பந்தம் தொடங்கும்வரை பேச்சு உள்ளேதான். தொடங்கிய பிறகு வெளியே பேசலாம். ஆனால் வெளியே ஜூமில் பேசினால் முடிந்ததும் "இன்று முடிவு செய்தவை" என்று உள்ளே எழுதிவிடுங்கள்.

பணம் வேறு விஷயம். "அடுத்த வேலையை நேரடியாகக் கொடுக்கிறேன், தளக் கட்டணம் உனக்கும் மிச்சம் எனக்கும் மிச்சம்" என்று நல்ல கிளையன்ட்டே சொல்வார். அப்வொர்க்கில் அறிமுகமானவரோடு இரண்டு ஆண்டுகளுக்குத் தளத்துக்கு வெளியே பணம் வாங்கக் கூடாது. அதற்குமுன் வெளியேற வேண்டுமென்றால் மாற்றுக் கட்டணம் கட்டிவிட்டுப் போகும் முறையான வழி உண்டு. அந்த வழியை கிளையன்ட்டுக்குச் சொல்லுங்கள். மிச்சம் பார்க்கப் போய் சேர்த்து வைத்த விமர்சனங்களோடு கணக்கையே இழப்பது லாபக் கணக்கில் வராது. போதாக்குறைக்கு, வெளியே அவர் பணம் தராவிட்டால் கேட்க நாதியில்லை.

விமர்சனமும் தகராறும்

ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்கக் கூடாது. விமர்சனத்துக்கு ஈடாகத் தள்ளுபடி தருவதும் விதிமீறல். வேலை எப்படி இருந்தது என்று எழுதும்படி கேட்கலாம், அவ்வளவே. அப்வொர்க்கில் இரு தரப்புக்கும் 14 நாள் அவகாசம், ஒருவர் எழுதியது மற்றவர் எழுதும்வரையோ அவகாசம் முடியும்வரையோ தெரியாது.

மோசமான விமர்சனம் வந்தால் அன்று இரவே பதில் எழுதாதீர்கள். அடுத்த நாள் எழுதுங்கள், மூன்று வரிக்குள், அடுத்து வரும் கிளையன்ட் படிப்பார் என்று நினைத்து. பணத் தகராறு என்றால் தளத்தின் தீர்வு மையத்துக்குப் போங்கள். வேலை எல்லையைத் தொகுத்து அனுப்பிய செய்தி, அவர் "சரி" என்றது, ஒப்படைத்த தேதி ஆகியவற்றை வரிசையாகக் காட்டுங்கள். எவ்வளவு உழைத்தீர்கள் என்பதை விவரிக்க வேண்டாம், அதைப் படிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

வங்கியும் ஆடிட்டரும்

அப்வொர்க்கில் பான் எண்ணைப் பதிந்துவிடுங்கள். இப்படிப்பட்ட தளங்கள் வழியாக வரும் தொகைக்கு டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம், பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம் பிடிபடும். பிடித்தது உங்கள் வரிக் கணக்கில் தெரியும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கி, பணம் எதற்காக வந்தது என்று சொல்லும் ஒரு நோக்கக் குறியீடு கேட்கும். மென்பொருள் ஆலோசனை வேலைகளுக்கு பி0802. குடும்பப் பராமரிப்பு, பரிசு என்று எதையாவது தேர்ந்துவிட்டு நகராதீர்கள், அது சம்பாத்தியம், அப்படியே காட்ட வேண்டும். பேயனியரோ வைஸோ, எந்தப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக எடுத்தாலும், அந்நியப் பணம் வந்ததற்கான சான்றிதழை அந்தந்த மாதமே இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

ஜிஎஸ்டிக்கு, சேவை வேலையில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. தாண்டினாலும் ஏற்றுமதிச் சேவைக்கு வரி பூஜ்யம். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய உறுதிக் கடிதம் ஒன்றை ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரியில், 44ஏடிஏ என்று எல்லாரும் அறிந்த உத்தேச முறையில் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம், ஆனால் அது பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும். உங்கள் வேலை அதில் வருமா என்பதை முதல் ஆண்டிலேயே ஒரு ஆடிட்டரிடம் காட்டிக் கேளுங்கள். போகும்போது தளத்திலிருந்து இறக்கிய ஆண்டு வரவு அறிக்கை, வங்கி ஸ்டேட்மென்ட், அந்தச் சான்றிதழ் ஃபோல்டர் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மார்ச் கடைசியிலும் ஜூலை கடைசியிலும் போனால் உங்களை உட்காரவைத்துப் பேச அவருக்கு நேரம் இருக்காது.